ஏடு எங்கே என்று கேட்டவர்

என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் எதைத் திருடப் போகிறார், பக்கத்து வீட்டுத் தினசரியைத் தவிர? ஆனால் அவர் பொய்ப்பாட்டு எழுதி, இல்லாத ஒரு பெண்பிள்ளையின் பெயரைப் போட்டு அச்சடித்து, ஊரை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு மனிதர் பத்திரிகையில் எழுதினார். எழுதி முப்பத்து நாலு வருஷம் ஆயிற்று. அந்தக் கட்டுரையை வெட்டி பீரோவில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். கோபம் ஆறிவிடக்கூடாது பாருங்கள், அதற்காக.

என் பெயர் ருகையா. பிறந்தது கீழக்கரை, வாழ்க்கைப்பட்டது காரைக்குடி. வீட்டுக்காரர் பெயர் சீனி ஜலாலுதீன். கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் தமிழ் நடத்தினவர். என் மாமனார் சாக்கு வியாபாரி. மகன் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து வெண்பா எழுதுவதைப் பார்த்து, "தமிழைப் படிச்சு என்னத்தடா பண்ணப் போற?" என்று கேட்டாராம். "இன்னும் படிப்பேன் வாப்பா" என்றாராம் இவர். அந்தப் பதிலைத்தான் இன்றுவரை எனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படித்த படிப்பை அவர் புத்தகத்தோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவிஎஸ் ஐம்பதில் ஏறிக் கிளம்பிவிடுவார். களையெடுக்கிற பெண்கள், ஆடு மேய்க்கிறவர்கள், இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவர்கள், யார் வாயில் பாட்டு இருந்தாலும் அவர்கள் முன்னால் போய் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். மாசியில் திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்குக் கூட்டம் போனால் இவரும் போவார். தெப்பம் பார்க்க அல்ல. விளக்கு வைக்க வந்த பெண்கள் படித்துறையில் பாடுவதைக் கேட்க. தாடிக்காரர் ஒருவர் குளக்கரையில் உட்கார்ந்து ஏதோ எழுதுகிறாரே என்று ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்திருக்கிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குலதெய்வத்துக் கும்மிப் பாட்டைச் சொல்ல, இவர் எழுதிக்கொண்டிருந்தாராம். அப்படி ஒரு மனுஷன். எனக்குப் பெருமை இல்லாமல் எப்படி இருக்கும்? அவர் முன்னால் மட்டும் சொல்ல மாட்டேன்.

இந்த அலைச்சலில்தான் ஒச்சம்மாள் கிடைத்தாள். கண்டரமாணிக்கத்துக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரில் கூலிவேலை பார்த்தவள். மழை பொய்த்த வருஷம் அது. வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் நின்று அவள் மழை கேட்டு ஒரு பாட்டுப் பாடினாளாம். இரண்டிரண்டு வரியாக நாற்பது கண்ணிகள். "இது நான் கட்டுனது இல்ல சாமி. எங்க ஊர்ல முந்தி இருந்த ராவுத்தர் வீட்டு ஹலீமா நாச்சியா பாடுனது. அந்தம்மா வீட்டுல வேலை பார்த்த எங்க ஆத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. நாப்பதுக்கு மேலயும் உண்டு, எனக்கு மறந்து போச்சு" என்று சொல்லியிருக்கிறாள். நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு கிராமத்து முஸ்லிம் பெண் பாடிய பாட்டு, ஒரு எழுத்தும் தெரியாத ஒச்சம்மாள் வாயில் உயிரோடு இருந்தது. என் வீட்டுக்காரர் அன்று வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. "ருகையா, ருகையா" என்று சொல்லிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

டேப் ரிக்கார்டரைக் கொண்டு போங்கள் என்று நான்தான் காலையில் எடுத்துக் கொடுத்தேன். கொண்டுபோனார். பேட்டரி போட மறந்துவிட்டார்! அடுத்த ஞாயிறு போகலாம் என்றார். அதற்குள் காய்ச்சலில் விழுந்து ஒச்சம்மாள் போய்ச் சேர்ந்தாள். நோட்டில் எழுதியது மட்டும்தான் மிச்சம். அதை 'மழைக் கண்ணி' என்று அச்சுப்போட்டார்.

புத்தகம் வந்த ஆறாவது மாதம் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியவர் பேராசிரியர் கார்த்திகேய சிவம். இந்தப் பக்கத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை, அவ்வளவு பெரிய படிப்பாளி. கட்டுரைக்குத் தலைப்பே 'ஏடு எங்கே?' என்பதுதான். பாடினவள் செத்துப்போனாள், குரல் பதிவு இல்லை, ஏடு இல்லை, ஆகவே இது தொகுத்தவரே இயற்றியது என்று எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? 'பட்டிக்காட்டில் முடங்கிக் கிடந்த ஒரு முகம்மதியப் பெண்ணுக்கு இத்தகைய தமிழ் வாய்த்திருக்குமா?' என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏன், எங்களுக்கு மட்டும் தமிழ் வேறு கடையிலா கிடைக்கிறது?

கல்லூரியில் பாடமாக வைத்திருந்த புத்தகத்தை எடுத்தார்கள். இவருக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி இன்னொருவருக்குப் போனது. மேடையில் பேச எழுந்தால் பின்வரிசையில் யாராவது, "ஐயா, சொந்தப் பாட்டா, இரவல் பாட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பதில் எழுதுங்கள், வழக்குப் போடுங்கள் என்று நான் குதித்தேன். இவரோ, "அவர் ஏடு கேக்குறாரு. கேக்குறது நியாயந்தானே? கிடைச்சாக் காட்டுவோம்" என்றார். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு முப்பத்து நாலு வருஷம் ஓட்டினார். போகாத ஊரில்லை, தட்டாத கதவில்லை. ஏடு கிடைக்கவில்லை. எழுபத்தாறு வயதாகிவிட்டது, போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. பொய்யன் என்ற பெயரோடு இந்த மனுஷன் கபருக்குப் போய்விடுவாரோ என்று நான் தொழுகைப் பாயில் அழாத நாள் கிடையாது.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, மூன்று மணி இருக்கும். நாச்சியம்மை ஆச்சி போன் பண்ணினார். நேமத்தான்பட்டி குமரப்பச் செட்டியார் சம்சாரம். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் தமிழ் பார்த்துக் கொடுக்கிறது என் வீட்டுக்காரர்தான், அந்தப் பழக்கம்.

"அக்கா, பாய்கிட்ட ஒரு நல்ல சேதி சொல்லணும். நேமத்தான்பட்டி வீட்டை ஓட்டலுக்கு விடுறோம்ல, சாமி அறையைக் காலி பண்ணுனோம். எங்க வீட்டுல நாலு தலைமுறையா ஒரு குர்ஆன் இருந்துச்சு. அந்தக் காலத்துல ரங்கூன் கப்பலேறுன ஒரு ராவுத்தர், திரும்பி வந்து வாங்கிக்கிறேன்னு எங்க பெரிய அப்பச்சி கையில குடுத்துட்டுப் போனது. மனுஷர் திரும்பி வரவே இல்ல. பச்சைப் பட்டுல சுத்தி, வெள்ளிக்கு வெள்ளி பூ வச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். ஓட்டல்காரக கையில அது சீரழியக்கூடாதுல்ல? காலைல உங்க பள்ளிவாசல்ல கொண்டுபோய் ஒப்படைச்சாச்சு. பாங்கு சொல்ற மோதினார் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குனாரு."

"நல்ல காரியம் பண்ணுனீக ஆச்சி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"கல்யாணமாகி வந்த புதுசுல ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பார்த்தேன்க்கா. என்னா அழகு எழுத்து! ரெண்டு ரெண்டு வரியா, நடுவுல இடம் விட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நம்பர் போட்டு... மாமியார் பார்த்துட்டு, அதையெல்லாம் நாம தொறக்கக்கூடாதுன்னு சத்தம் போட்டாக. அப்பறம் தொடலை."

குர்ஆனை எந்த ஊரில் இரண்டிரண்டு வரியாக இடம் விட்டு எழுதுகிறார்கள்? அப்படி எழுதின புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். கீழக்கரையில் எங்கள் உம்மா மடியில் வைத்து ராகம் போட்டுப் படிப்பார்களே, அவை. எழுத்து அரபு எழுத்து, பேச்சு நம் தமிழ். அரபுத்தமிழ் என்போம். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழையும் எழுதிக்கொண்டார்கள். நானும் சின்னதில் படித்தவள்தான், என் வீட்டுக்காரருக்குத்தான் அது அவ்வளவாக ஓடாது. தெரியாதவர்கள் பார்த்தால் குர்ஆன் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு ராவுத்தர் வீட்டுப் புத்தகம், இரண்டிரண்டு வரி. போனைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க! எந்திரிங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மதியத் தூக்கத்திலிருந்தவர் வீடு இடிந்துவிட்டதென்று நினைத்து எழுந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "இன்னைக்கு வியாழக்கிழமையா?" என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கிழிந்துபோன குர்ஆன் பிரதிகளையும் பழைய ஓதல் புத்தகங்களையும் குப்பையில் போட மாட்டோம். சேர்த்து வைத்து, வருஷத்துக்கு ஒருதரம் சாக்கில் கட்டி, கபர்ஸ்தானில் குழி வெட்டி மரியாதையாக அடக்கிவிடுவோம். மனுஷரை அடக்குகிற மாதிரித்தான். இந்த வருஷம் அது இன்றைக்கு, சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் என்று போன ஜும்மாவில் அறிவித்திருந்தார்கள். யார் மேல் குற்றம் சொல்ல? நாலு தலைமுறையாக ஆச்சி வீட்டில் மரியாதைக்குப் பயந்து திறக்கவில்லை. மோதினாரும் மரியாதைக்குப் பயந்து பிரிக்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து மரியாதையாக மண்ணுக்குள் அனுப்பப் பார்த்தார்கள்!

ஆட்டோ பிடித்துப் போனோம். கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. வாசலோடு நின்றேன். உள்ளே வேப்பமரத்தடியில் குழிக்குள் சாக்கு இறங்கிவிட்டது, மண்வெட்டியில் மண்ணை அள்ளிவிட்டார்கள். இவர் ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு ஓட்டமும் நடையுமாகப் போகிறார், குரல் வரவில்லை. குரலுக்குத்தான் நான் இருக்கிறேனே.

"ஏ காஜா! மண்ணைப் போட்ராத! போட்டே, உன்னைய அந்தக் குழியிலேயே வச்சு மூடிருவேன்!"

மோதினார் காஜா மைதீன் மண்வெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். என் வீட்டுக்காரர் குழியோரம் மண்டியிட்டு உட்கார்ந்து, சாக்குக்கட்டைத் தானே அவிழ்த்து, பச்சைப் பட்டு மூட்டையை எடுத்து, வாசலுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"லாத்தா, வேணாம் லாத்தா. அடக்குன குர்ஆன் ஷரீபை வெளிய எடுத்தாப் பாவமில்லையா?" காஜா அழாத குறையாக வாசலுக்கு வந்தான்.

"அது குர்ஆன் இல்லடா, தமிழு!"

"குர்ஆன்னு சொல்லித்தானே ஆச்சி குடுத்தாக?"

"நீ வாய மூடிக்கிட்டுக் கேளு" என்று சொல்லிவிட்டுப் பட்டைப் பிரித்தேன். முதல் வரி பிஸ்மில்லா. காஜா, "பார்த்தீகளா?" என்று என்னை ஜெயித்துவிட்டவன் மாதிரி பார்த்தான். தப்பாகிவிட்டதோ என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. அடுத்த வரிக்கு விரலை வைத்து வாசித்தேன்.

"கம்மாய் வறண்டதையா, காவாயும் தூர்ந்ததையா,
அம்மா எனஅழைக்கக் கன்றுக்கு நாவில்லையே."

மழைக் கண்ணியின் முதல் கண்ணி. என் வீட்டுக்காரர் கபர்ஸ்தான் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் செம்மண். "அல்லாவே, ஒச்சம்மா" என்றார். அந்த இரண்டு பெயரையும் ஒன்றாகச் சொன்னார். காஜா வாயைப் பிளந்து நின்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.

"மூடு ருகையா. இனி ஒரு எழுத்துப் படிக்காத" என்றார் அவர்.

"என்னங்க சொல்றீக?"

"நாம தொட்ட பெறகு காட்டுனா, நாமளே எழுதிச் சேர்த்துட்டோம்பாக. கேட்டவர் முன்னாடிதான் தொறக்கணும்."

வீட்டுக்கு வந்து பட்டைச் சுற்றி, அதன் மேல் துணி சுற்றி, தைத்து, ஆச்சியை வரவழைத்துத் தையல் மேல் அவர் கையெழுத்தை வாங்கி, ஆச்சியின் வீட்டிலேயே பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார். மூன்று நாள். முப்பத்து நாலு வருஷம் தேடின புத்தகம் பக்கத்து ஊரில் இருக்கிறது, இந்த மனுஷன் மீதிக் கண்ணிகள் என்ன என்றுகூடப் பார்க்கவில்லை. என்னால் முடியுமா? எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மட்டும் சாதாரணமாக மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். ஆனால் மூன்று நாளும் மாத்திரை போட மறந்தார். அதை வைத்துத்தான் அவர் மனசைத் தெரிந்துகொண்டேன்.

கார்த்திகேய சிவத்துக்கு அவரே போன் பண்ணினார். "ஐயா, நீங்க கேட்ட ஏடு கிடைச்சிருக்கு. கொண்டாந்து காட்டலாமா?" என்று, வாங்கின கைமாற்றைத் திருப்பித் தர வருகிறவர் மாதிரி அவ்வளவு பணிவாகக் கேட்டார். நாம் ஏன் போக வேண்டும், அவர் வரட்டுமே என்று நான் சண்டை போட்டேன். "அவருக்கு முழங்கால் முடியாது" என்றார். அதையும் விசாரித்து வைத்திருக்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆச்சியின் காரில் கண்டரமாணிக்கத்தில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனோம். புத்தகம் ஆச்சி மடியில். கார்த்திகேய சிவத்துக்கு எண்பத்திரண்டு வயது. நெற்றி நிறைய விபூதி, மேசை நிறையப் புத்தகம். அவர் மகள் ரோகிணி தொண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, லீவுக்கு வந்திருந்தாள். காபி கொடுத்தாள். நான் தொடவில்லை. இந்த வீட்டுக் காபி என் தொண்டையில் இறங்குமா?

ஆச்சி தையலைப் பிரித்துப் புத்தகத்தை மேசையில் வைத்து, அது தன் வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னார். கார்த்திகேய சிவம் கண்ணாடியைத் தூக்கித் தூக்கித் தாளைப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"தாள் பழசுதான். மையும் பழசுதான். ஆனா எனக்கு இந்த எழுத்து தெரியாது. இதுல இருக்கிறதைத்தான் வாசிக்கிறீகன்னு நான் எப்படி நம்புறது? அம்மாவுக்கும் அந்தக் கண்ணியெல்லாம் மனப்பாடமா இருக்குமே?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கபர்க்குழியிலிருந்து தோண்டி எடுத்து வந்திருக்கிறோம், இந்த மனுஷர் இன்னும் எங்களைப் பொய்யர்கள் என்கிறார். எழுந்தேவிட்டேன். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால், கோபமே இல்லை. கெட்டிக்கார மாணவன் கேள்வி கேட்டால் வகுப்பில் எப்படி மலர்ந்திருப்பாரோ அப்படி இருந்தார்.

"சரியான கேள்வி" என்றார். "ஏடு பார்க்கிறவர் இதைக் கேக்காம விட்டாத்தான் தப்பு. ரோகிணியம்மா, தொண்டியில இந்த எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவுக இன்னும் இருப்பாக. உங்களுக்குப் பழக்கமானவுக யாரும் உண்டா? எங்களுக்குத் தெரியாதவுகளா இருக்கணும்."

ரோகிணி யோசித்தாள். "எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தரோட மாமியார் ஓதிக் கொடுக்கிறவுக. அவுகளைக் கேட்டுப் பாக்கலாம்."

"அப்பா கண்ணை மூடிக்கிட்டு ஒரு பக்கத்தைப் பிரிக்கட்டும். நீங்க அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. என்ன புத்தகம், எதுக்குன்னு ஒண்ணும் சொல்லாதீக. அவுக வாசிச்சுக் குரல்ல அனுப்பட்டும். நான் வெளிய நிக்கிறேன். ருகையா, நீ உக்காந்திரு. வாயத் தொறக்காத."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், வெயிலில் கேட்டுப் பக்கம் நின்றுகொண்டார். கார்த்திகேய சிவம் புத்தகத்தில் நடுவாந்தரமாக ஒரு பக்கத்தைப் பிரித்தார். ரோகிணி படம் எடுத்து அனுப்பினாள். பிறகு நாங்கள் நாலு பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம். ஜன்னல் வழியே என் வீட்டுக்காரர் முதுகு தெரிந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த முதுகைப் பார்த்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் பயமும் இருந்தது. ஒச்சம்மாள் ஏதாவது மாற்றிப் பாடியிருந்தால்? அந்த அம்மாவுக்கு எழுத்து புரியாமல் போனால்? இதற்கு மேல் காட்ட எங்களிடம் ஏது?

போன் மணி அடித்தது. ரோகிணி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். வயதான ஒரு அம்மாவின் குரல். பின்னால் குக்கர் விசில்.

"ரோகிணி டீச்சரா? யாரு எழுதுனதுன்னு தெரியலம்மா, நல்ல கையெழுத்து. இருபத்தேழுன்னு நம்பர் போட்டிருக்கு. வாசிக்கிறேன்." எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். "கேட்டால்... கொடுப்பார்கள்... கேளிர்... இறையோனே..."

நின்றுவிட்டது. அடுத்த வரியின் முதல் எழுத்து தெளிவில்லை போலிருக்கிறது, அந்த அம்மா முணுமுணுத்துத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு நுனியில் அடுத்த வரி நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கேட்காத புல்லுக்கும் கொடுப்பவன் நீயன்றோ."

சொன்னது நான் இல்லை. கார்த்திகேய சிவம். கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல் மெல்லச் சொன்னார். சொன்ன மறுநொடி போனிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "ஆங், கேட்காத... புல்லுக்கும்... கொடுப்பவன்... நீயன்றோ."

ரோகிணி தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. போன் இருபத்தெட்டாவது கண்ணிக்குப் போனது. இந்த முறை இரண்டு குரலும் சேர்ந்தே வந்தன, தொண்டிக் குரல் தடுக்கித் தடுக்கியும் கண்டரமாணிக்கத்துக் குரல் தடுக்காமலும்.

"வெட்டிய கேணியில் வெயில்தான் ஊறுதையா,
தட்டிய வாசலெல்லாம் தாழ்திறக்கச் சொல்லையா."

இருபத்தொன்பதையும் அப்படியே சொன்னார். போன் நின்ற பிறகும் முப்பது, முப்பத்தொன்று என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஏன்யா, பொய்ப்பாட்டுன்னு எழுதுனீகளே! பொய்ப்பாட்டையா இம்புட்டு வருஷமா மனப்பாடமா வச்சிருந்தீக?"

அவர் கண்ணைத் திறந்தார். கண் நிறையத் தண்ணீர்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார். "அந்தக் கட்டுரையை எழுதுறதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அச்சுக்குக் குடுத்த பெறகுதான் தெரிஞ்சுது, அது என்னைய விட்டுப் போகலைன்னு. மழை பெய்யாத வருஷமெல்லாம் என் வாயில வந்திரும். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப சொல்றேன், ஒரு பக்கம் போதும். இதுக்கு மேல எனக்கு ஏடு பார்க்க வேண்டாம்."

கைத்தடியைக் கூட எடுக்காமல், நாற்காலியையும் கதவையும் பிடித்துப் பிடித்து வெளியே போனார். நான் பின்னாலேயே வாசல்வரை போனேன். இதைப் பார்க்காமல் விடுவேனா?

"ஜலாலுதீன்" என்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் திரும்பினார். "நான் எழுதுனது தப்பு. உங்களுக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன்."

முப்பத்து நாலு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"அது இருக்கட்டும்யா. நாப்பதுக்கு மேல இருக்கா?"

இருக்கட்டுமாம்! தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கடைசிக் கண்ணிக்கு எதிரே எண் போட்டிருந்தது. "அறுபத்தொண்ணு!" என்று உள்ளிருந்தே கத்தினேன். "இருபத்தொரு கண்ணி கூடுதலா இருக்கு!"

இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்திக்கு விரைகிற மாதிரி உள்ளே வந்தார்கள். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ரோகிணி ஆளுக்கொரு தாளும் பேனாவும் வைத்தாள். இரண்டு பேரும் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"வாசி ருகையா, நாப்பத்தொண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"வாசிக்கிறேன். அதுக்கு முந்தி இந்த ஐயா வெளிய சொன்னதை அந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சொன்னது காத்துல போயிரும். அவர் அன்னைக்கு அச்சுலதானே எழுதுனாரு?"

"ருகையா! வீடு தேடி வந்து இப்படியா பேசுறது?" என் வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

"நீங்க சும்மா இருங்க. ஏடு கேக்குறது நியாயம்னு சொன்னவுகதானே? நானும் ஏடுதான் கேக்குறேன்."

ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கார்த்திகேய சிவம் சிரிக்கவில்லை. "அம்மா கேக்குறதுதான் சரி" என்று சொல்லித் தாளை முன்னால் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். அன்று நான் முதலில் வாசித்தது அந்தத் தாளைத்தான். எழுந்து நின்று, தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

"மழைக் கண்ணியைப் பாடியவர் ஹலீமா நாச்சியார். அதை ஒச்சம்மாள் வாயிலிருந்து கேட்டு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழுக்குக் கொடுத்தவர் பேராசிரியர் சீனி ஜலாலுதீன். அவரைப் பொய்யர் என்று எழுதிய நான் தவறு செய்தேன். அவர் பொய் சொல்லவில்லை."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. "போதும் ருகையா" என்றார்.

போதாது என்று இன்னொரு தரம் வாசித்தேன்.